அணு உலை எப்படிப் பிறந்தது? நியூட்ரானை எண்ணக் கற்றுக்கொண்ட கதை

பாரிஸில் 1903-ஆம் ஆண்டு பியர் கியூரியும் அவருடைய உதவியாளர் ஆல்பெர் லாபோர்டும் ரேடிய உப்பின் சூட்டை அளந்து பார்த்தார்கள். சுற்றியிருந்த காற்றைவிட அது எப்போதும் கொஞ்சம் கூடுதலான சூட்டிலேயே இருந்தது. காலையில் பார்த்தாலும் சூடு, ராத்திரி பார்த்தாலும் சூடு. எதுவும் எரியவில்லை, புகையில்லை, எடை குறைந்ததாகவும் தெரியவில்லை. கணக்குப் போட்டால், 1 கிராம் ரேடியம் மணிக்கு ஏறத்தாழ 100 கலோரி வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. 1 கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி போதும். அதாவது ரேடியம் ஒவ்வொரு மணி நேரமும் தன் எடையைவிடக் கூடுதலான பனிக்கட்டியை உருக்கிவிடும். நாள் கணக்கில், வருடக் கணக்கில் அப்படியே செய்துகொண்டிருக்கும்.

அணுக்கருவின் ஆற்றலை மனிதர் கையில் பிடித்து அளந்த ஆரம்ப நாட்கள் அவை. அந்த ஆற்றலை வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடுவதற்கு அதன்பின் 39 வருடங்கள் ஆயின. அந்த 39 வருடங்களில் என்ன நடந்தது என்று தெரிந்தால், அணு உலை என்பது என்ன என்று தானாகவே புரிந்துவிடும். கூடங்குளம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் நம் ஊரில் நிறையப் பேர். இரு தரப்புக்கும் இந்த அடிப்படை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், நெருப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விறகோ பெட்ரோலோ எரியும்போது அணுக்களின் வெளிப்புறத்தில் இருக்கும் எலக்ட்ரான்கள் மட்டுமே இடம் மாறுகின்றன. நடுவில் இருக்கும் அணுக்கருவில் எந்த மாற்றமும் இல்லை. அந்தக் கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் மிக நெருக்கமாக இருக்கின்றன. புரோட்டான்கள் எல்லாமே நேர்மின்னூட்டம் கொண்டவை, ஆகவே ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறி அவற்றைக் கட்டிவைத்திருக்கும் விசை மிக வலியது. அந்தக் கட்டு மாறும்போது வெளிவரும் ஆற்றலும் அதற்கேற்பப் பெரியது. ஒரு கார்பன் அணு எரிந்து கிடைப்பதைப் போல ஏறத்தாழ 5 கோடி மடங்கு ஆற்றல், ஒரு யுரேனிய அணு பிளந்தால் கிடைக்கிறது. நடைமுறையில் சொன்னால், 1 கிராம் யுரேனியம்-235 (யுரேனியத்தில் ஒரு வகை; எண், கருவில் உள்ள துகள்களின் மொத்தம்) முழுவதும் பிளந்தால் ஏறத்தாழ 1 மெகாவாட் வெப்பம் ஒரு நாள் முழுக்கக் கிடைக்கும். அதே வெப்பத்துக்கு நல்ல நிலக்கரி 3 டன் அளவுக்கு வேண்டும்.

பூட்டு தெரிந்தது, சாவி இல்லை

தொடக்கத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1895-ல் ராண்ட்கென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே ஆன்றி பெக்கரல், யுரேனிய உப்பை வெயிலில் வைக்காமலேயே அதன் அருகிலிருந்த புகைப்படத் தகடு கறுத்திருப்பதைப் பார்த்தார். 1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தார்கள். கனடாவின் மாண்ட்ரீலில் ரூதர்ஃபோர்டும் சாடியும், கதிரியக்கத்தின்போது ஒரு தனிமம் இன்னொரு தனிமமாக மாறுகிறது என்று காட்டினார்கள். 1905-ல் ஐன்ஸ்டீன் நிறையும் ஆற்றலும் ஒன்றே என்றார். நிறையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும். ஒளிவேகம் அவ்வளவு பெரிய எண் என்பதால் துளி நிறை குறைந்தாலும் ஆற்றல் பெருகிவிடும். 1911-ல் அணுவின் நடுவே சிறிய, கனமான கரு ஒன்று இருக்கிறது என்று ரூதர்ஃபோர்டு சொன்னார்.

ஆக, கருவுக்குள் ஆற்றல் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அதை எடுக்க வழியில்லை. ரேடியம் தன் போக்கில் சிதையும். சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் அமிலத்தில் போட்டாலும் அதன் வேகம் மாறாது. வெளியிலிருந்து புரோட்டானை எறிந்து கருவை உடைக்கலாம். 1932-ல் கேம்பிரிட்ஜில் காக்ராஃப்டும் வால்டனும் லித்தியத்தை அப்படித்தான் உடைத்தார்கள். ஆனால் புரோட்டானும் நேர்மின்னூட்டம், கருவும் நேர்மின்னூட்டம். எறிந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை தள்ளப்பட்டு விலகிப் போயின. உடைந்த ஒவ்வொரு கருவிலும் லாபம் உண்டு, மொத்தத்தில் பெரும் நஷ்டம். அதனால்தான் 1933 செப்டம்பரில் லெஸ்டர் நகரில் பேசிய ரூதர்ஃபோர்டு, அணுவிலிருந்து ஆற்றல் எடுக்கலாம் என்பதெல்லாம் வெறும் கற்பனை என்று ஒதுக்கினார். அன்றைக்குத் தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயமே.

ஆனால் சாவி அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய ஆய்வகத்திலேயே கிடைத்திருந்தது. 1932-ல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்திருந்தார். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. எனவே கரு அதைத் தள்ளாது. நேராக உள்ளே போய்விடும்.

ரூதர்ஃபோர்டின் பேச்சை லண்டனில் செய்தித்தாளில் படித்தவர்களில் ஒருவர் லியோ சிலார்டு. ஹங்கேரியில் பிறந்த யூதர், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர். சவுதாம்ப்டன் ரோ தெருவில் சாலையைக் கடக்க விளக்குக்காகக் காத்திருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. ஒரு நியூட்ரானை விழுங்கி இரண்டு நியூட்ரான்களை வெளியே விடும் தனிமம் ஒன்று இருந்தால்? அந்த இரண்டும் போய் நான்காகும், நான்கு எட்டாகும். வெளியிலிருந்து எறிந்துகொண்டே இருக்கத் தேவையில்லை. வினை தன்னைத்தானே நடத்திக்கொள்ளும். இதுதான் தொடர்வினை. எந்தத் தனிமம் என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் 1934-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அது ஆயுதமாகிவிடும் என்ற பயத்தில் ரகசியமாக வைக்கும்படி பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்திடம் ஒப்படைத்தார். பிளவு என்ற ஒன்றே கண்டுபிடிக்கப்படாத நேரத்தில் இவ்வளவு தூரம் யோசித்தவர் அவர்.

ரோமில் மேசையும் மெழுகும்

அதே 1934-ல் ரோம் நகரில் என்ரிக்கோ ஃபெர்மியும் அவருடைய இளம் குழுவும் கிடைத்த தனிமங்களையெல்லாம் ஒவ்வொன்றாக நியூட்ரானால் தாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. வெள்ளியை மர மேசையில் வைத்துத் தாக்கினால் அதிகக் கதிரியக்கம். பளிங்கு மேசையில் வைத்தால் குறைவு. மேசைக்கும் வெள்ளிக்கும் என்ன சம்பந்தம்? அக்டோபரில் ஒருநாள் ஃபெர்மி, நியூட்ரான் வரும் பாதையில் ஒரு பாரஃபின் மெழுகுக் கட்டியை வைத்துப் பார்த்தார். வெள்ளியின் கதிரியக்கம் பல மடங்கு எகிறியது.

காரணம் இது. மெழுகிலும் மரத்திலும் ஹைட்ரஜன் நிறைய. ஹைட்ரஜனின் கரு ஒற்றைப் புரோட்டான். நியூட்ரானும் அதுவும் ஏறத்தாழ ஒரே எடை. கேரம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஸ்டிரைக்கர் ஓரச் சட்டத்தில் மோதினால் கிட்டத்தட்ட வந்த வேகத்திலேயே திரும்பிவிடும். ஒரு காயில் நேராக மோதினால் வேகத்தில் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்துவிட்டுத் தளர்ந்துவிடும். நியூட்ரானும் அப்படித்தான்: கனமான கருவில் மோதினால் வேகம் குறையாது, லேசான கருக்களில் மோதினால் சில மோதல்களிலேயே மெதுவாகிவிடும். மெதுவான நியூட்ரான் ஒரு கருவின் அருகில் அதிக நேரம் இருப்பதால் அதனுள் நுழையும் வாய்ப்பும் அதிகம்.

நியூட்ரானை மெதுவாக்கும் இந்தப் பொருளுக்குத் தணிப்பான் என்று பெயர். இன்று உலகில் மின்சாரம் தயாரிக்கும் உலைகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் தணிப்பான் இருக்கிறது. வேகமாக எறிந்தால்தான் உடையும் என்று நாம் இயல்பாக நினைப்போம். அணுக்கருவின் விஷயத்தில் நிதானம்தான் வேலை செய்கிறது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இது.

ஃபெர்மி யுரேனியத்தையும் தாக்கினார். புதிய கனமான தனிமங்கள் உண்டாகியிருக்கின்றன என்று நினைத்தார். கரு துண்டாக உடைந்திருக்கலாமே என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஈடா நோடாக் எழுதினார். அதை யாரும் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மை வெளிவந்தது 1938 டிசம்பரில், பெர்லினில். ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் நியூட்ரான் பட்ட யுரேனியத்தைப் பிரித்துப் பார்த்தபோது பேரியம் கிடைத்தது. யுரேனியத்தின் கரு ஏறத்தாழ 238 துகள்கள் கொண்டது. பேரியம் அதில் பாதியைவிடச் சற்றுப் பெரியது. இவ்வளவு சிறிய ஒன்று எங்கிருந்து வந்தது? ஹான் தன் நீண்டகாலச் சக ஆய்வாளர் லிசே மைட்னருக்குக் கடிதம் எழுதினார். மைட்னர் யூதப் பின்னணி கொண்டவர் என்பதால் அந்த ஜூலையில்தான் ஜெர்மனியிலிருந்து தப்பி ஸ்வீடன் போயிருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பார்க்க வந்த அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷோடு பனியில் நடந்தபடியே அவர் விடையைக் கண்டார். பெரிய கருவை ஒரு திரவத் துளியாகப் பாவிக்கலாம் என்று நீல்ஸ் போர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நியூட்ரான் புகுந்ததும் அந்தத் துளி நீண்டு, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகிறது. இரண்டு துண்டுகளும் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் பயங்கர வேகத்தில் விலகிப் பறக்கின்றன. இரு துண்டுகளின் நிறையைக் கூட்டினால் பழைய கருவைவிட ஒரு புரோட்டானில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அந்தக் குறைவை ஐன்ஸ்டீனின் சமன்பாட்டில் போட்டால், துண்டுகள் பறக்கும் ஆற்றலுக்கு அப்படியே பொருந்தியது.

அணுக்கருப் பிளவுக்காக 1944-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. மைட்னருக்கு நோபல் பரிசு கிடைக்கவேயில்லை. இதை அநீதி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கணக்கு ஆரம்பம்

சரி, கரு பிளக்கிறது. அப்போது நியூட்ரானும் வெளியே வருகிறதா? சிலார்டு தேடிய கேள்வி அதுதானே. 1939 வசந்தத்தில் பாரிஸில் ஜோலியோ, ஹால்பன், கோவார்ஸ்கி மூவரும், நியூயார்க்கில் ஃபெர்மியும் சிலார்டும் தனித்தனியே அளந்து, ஆம் என்றார்கள். இன்று நமக்குத் தெரிந்த சராசரி, ஒரு பிளவுக்கு ஏறத்தாழ இரண்டரை நியூட்ரான்.

இங்கேதான் முக்கியமான கணக்கு வருகிறது. அந்த இரண்டரையில் ஒன்று போய் அடுத்த கருவைப் பிளந்தால் போதும், வினை சீராக ஓடும். ஒன்றுக்கும் கீழே போனால் அணைந்துவிடும். ஒன்றுக்கு மேலே போனால் வளர்ந்துகொண்டே போகும். சரியாக ஒன்று என்ற நிலைக்கு மாறுநிலை என்று பெயர். அணு உலைப் பொறியியல் முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இரண்டரை கையில் இருக்கும்போது ஒன்றை மிச்சம் பிடிப்பது எளிது என்று தோன்றும். உண்மையில் மிகக் கடினம். இயற்கை யுரேனியத்தில் மெதுவான நியூட்ரானுக்கு எளிதில் பிளப்பது யுரேனியம்-235 மட்டும். அது வெறும் 0.7 சதவீதம். மீதி யுரேனியம்-238 பெரும்பாலும் பிளக்காமல் நியூட்ரானை விழுங்கிவிடும். அதுவும் நியூட்ரான் வேகம் குறைந்து வரும் வழியில், இடைப்பட்ட சில வேகங்களில் ரொம்பவே விழுங்கும். இன்னும் சில நியூட்ரான்கள் உலையின் ஓரம் வழியாகத் தப்பி ஓடிவிடும். தணிப்பானும் கொஞ்சம் தின்னும், அதில் கலந்திருக்கும் மாசும் தின்னும்.

ஒவ்வொரு இழப்புக்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். யுரேனியத்தைத் தணிப்பானோடு பொடியாகக் கலக்காமல் கட்டி கட்டியாக இடைவெளி விட்டு வைத்தார்கள். அப்படி வைத்தால் நியூட்ரான் கட்டியைவிட்டு வெளியேறி, தணிப்பானுக்குள்ளேயே வேகம் குறைந்து, ஆபத்தான இடைப்பட்ட வேகங்களைத் தாண்டியபின் அடுத்த கட்டியை அடையும். ஓரத்தில் தப்புவதைக் குறைக்க உலையைப் பெரிதாக்கினார்கள். அளவு கூடக் கூட உள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறையும். தணிப்பானுக்குச் சாதாரணத் தண்ணீர் ஆகாது. அதன் ஹைட்ரஜன் நன்றாக மெதுவாக்கும், ஆனால் நியூட்ரானைத் தின்னும். எஞ்சியவை கனநீரும் (ஹைட்ரஜனின் கனமான வகையைக் கொண்ட தண்ணீர்) கிராஃபைட்டும் (பென்சில் முனையில் இருக்கும் கார்பன்). கனநீர் அன்று உலகிலேயே மிக அரிது. கிராஃபைட் மலிவு, ஆனால் வணிகக் கிராஃபைட்டில் போரான் மாசு இருக்கும். பத்து லட்சத்தில் சில பங்கு போரான் இருந்தாலே கணக்குக் கெட்டுவிடும்.

இதைச் சரியாகப் பிடித்தவர் சிலார்டு. தயாரிப்பாளர்களை விடாமல் நெருக்கி, போரான் நீக்கிய தூய கிராஃபைட்டைச் செய்ய வைத்தார். ஜெர்மனியில் வால்ட்டர் போத்தே அளந்த கிராஃபைட் நியூட்ரானை அதிகமாகத் தின்றது. ஆகவே கிராஃபைட் உதவாது என்று முடிவுகட்டி, ஜெர்மானியர்கள் நார்வேயின் கனநீரையே நம்பினார்கள். போர்க்காலத்தில் ஜெர்மனியால் ஓடும் உலை ஒன்றைக்கூடக் கட்ட முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1942 டிசம்பர் 2, சிகாகோ

சிகாகோ பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கப் படிக்கட்டுகளுக்கு அடியில் ஸ்குவாஷ் ஆடும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே நவம்பர் நடுவிலிருந்து இரவும் பகலும் கிராஃபைட் கட்டிகளை அடுக்கினார்கள். ஏறத்தாழ 45,000 கட்டிகள், 300 டன்னுக்கு மேல் எடை. அவற்றில் பலவற்றில் துளையிட்டு யுரேனியத்தை வைத்தார்கள்: 5 டன் அளவுக்கு உலோகம், 40 டன் அளவுக்கு ஆக்சைடு. தூய யுரேனிய உலோகம் போதுமான அளவு கிடைக்காததால் அதை நடுவில் வைத்து, ஆக்சைடைச் சுற்றிலும் வைத்தார்கள். கிராஃபைட் தூள் எல்லார் மேலும் படிந்து ஆட்கள் கரி பூசியவர்கள்போல் ஆனார்கள், தரை வழுக்கியது. மொத்தம் 57 அடுக்குகள். கதிர்வீச்சைத் தடுக்கும் சுவர் கிடையாது, குளிர்விக்கும் ஏற்பாடும் கிடையாது.

அடுக்குகளின் நடுவே காட்மியம் பொதிந்த கழிகள் செருகப்பட்டிருந்தன. காட்மியம் நியூட்ரானைப் பேராவலோடு விழுங்கும். கழி உள்ளே இருந்தால் வினை நடக்காது. வெளியே இழுக்க இழுக்க எண்ணிக்கை ஏறும். இன்றைய உலைகளின் கட்டுப்பாட்டுக் கழியும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அன்று காலை ஃபெர்மி கையில் ஒரு சிறிய கணக்கு அளவுகோலோடு மாடத்தில் நின்றார். கீழே ஜார்ஜ் வெய்ல் கடைசிக் கழியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை எவ்வளவில் போய் நிற்கும் என்று ஃபெர்மி முன்கூட்டியே சொன்னார். அங்கேயே போய் நின்றது. லியோனா வுட்ஸ் அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே பெண் அவர். அவசரக் கழி ஒன்று கயிற்றில் தொங்கியது, அந்தக் கயிற்றை வெட்ட நார்மன் ஹில்பெர்ரி கோடாலியோடு நின்றார். உச்சியில் மூன்று இளைஞர்கள் காட்மியம் கரைசலை ஊற்றத் தயாராக இருந்தார்கள். முற்பகலில் ஒரு பாதுகாப்புக் கழி தானாகவே விழுந்துவிட்டது. அது விழ வேண்டிய அளவை மிகக் குறைவாக வைத்திருந்தார்கள். உலை இன்னும் மாறுநிலையை எட்டவில்லை. ஃபெர்மி பதற்றப்படாமல் எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்கு அனுப்பினார்.

பிற்பகல் 3 மணிக்கு மேல் கழியை இன்னும் ஓர் அடி இழுக்கச் சொன்னார். இந்த முறை எண்ணும் கருவியின் சத்தம் ஏறி நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. மாறுநிலை தாண்டிவிட்டது. பெருக்கம் 1.0006. அதாவது 10,000 நியூட்ரான்கள் இருந்தால் அடுத்த தலைமுறையில் 10,006. உலை தந்த ஆற்றல் அரை வாட். ஒரு டார்ச் பல்பைக்கூடச் சரியாக எரிக்காது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கழியை உள்ளே தள்ளி நிறுத்தினார்கள். யூஜின் விக்னர் கொண்டுவந்த கியாண்டி ஒயினைக் காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் குடித்தார்கள்.

அப்புறம் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தொடக்க நூல்கள் பலவும் இதைத் தொடுவதில்லை. கிராஃபைட் உலையில் ஒரு நியூட்ரான் பிறந்து, மெதுவாகி, அடுத்த கருவைப் பிளக்க ஏறத்தாழ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். 1.0006 என்ற சிறிய பெருக்கம்கூட அந்த வேகத்தில் ஓரிரு விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிவிடும். கையால் கழியை இழுத்து எப்படிச் சமாளித்தார்கள்?

பதில், தாமத நியூட்ரான்கள். பிளவில் வரும் நியூட்ரான்களில் 99 சதவீதத்துக்கு மேல் அந்தக் கணமே வந்துவிடும். ஆனால் யுரேனியம்-235-ல் 0.65 சதவீதம் மட்டும் பிளவுத் துண்டுகள் சிதையும்போது, விநாடிகள் கழித்து, சில ஒரு நிமிடம்கூடக் கழித்து வரும். உடனடி நியூட்ரான்களை மட்டும் எண்ணினால் ஒன்றுக்குக் கீழே. தாமதமானவற்றையும் சேர்த்தால்தான் ஒன்று. உலையை இப்படி வைத்திருக்கும்வரை, பின்தங்கி வரும் இந்தச் சிறு பங்கு மொத்த வினையையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சிகாகோவில் இரட்டிப்பாக ஓரிரு நிமிடங்கள் ஆனது இதனால்தான். இயற்கை இந்த 0.65 சதவீதத்தைத் தராமல் இருந்திருந்தால் அணு உலையை இப்படிக் கட்டுப்படுத்தி ஓட்டியிருக்க முடியாது.

போரின் நிழல்

சிகாகோ உலை மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டதல்ல. யுரேனியம்-238 நியூட்ரானை விழுங்கினால் கடைசியில் புளுட்டோனியம்-239 ஆகிறது; அது குண்டுக்கு உதவும். அந்தப் புளுட்டோனியத்துக்காக வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் பெரிய உலைகளைக் கட்டினார்கள்.

அங்கே முதல் உலை 1944 செப்டம்பர் இறுதியில் ஓடத் தொடங்கி, சில மணி நேரத்தில் தானாகவே தளர்ந்தது. கழிகளை எவ்வளவு இழுத்தும் பயனில்லை. கடைசியில் அடியோடு நின்றுவிட்டது. தண்ணீர்க் கசிவா என்று தேடினார்கள், இல்லை. மறுநாள் யாரும் எதுவும் செய்யாமலே உயிர் வந்தது, மறுபடி தளர்ந்தது. இயற்பியலாளர் ஜான் வீலர் அந்தக் கால இடைவெளியைப் பார்த்தே பிடித்துவிட்டார். பிளவில் உண்டாகும் அயோடின்-135 சில மணி நேரத்தில் செனான்-135 ஆகிறது. அந்தச் செனான் போல நியூட்ரானை விழுங்கும் பொருள் வேறில்லை. உலை நின்றதும் செனான் தானாகச் சிதைந்து குறையும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், ஏறத்தாழ 9 மணி நேரம். குறைந்ததும் உலை மறுபடி எழும்.

தப்பித்தது எப்படி என்றால், இயற்பியலாளர்கள் கேட்டது 1,500 எரிபொருள் குழாய்கள்தான். கட்டிய டூபான்ட் நிறுவனப் பொறியாளர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று 2,004 குழாய்களுக்கு இடம் வைத்திருந்தார்கள். அந்தக் கூடுதல் குழாய்களிலும் யுரேனியத்தை நிரப்பியதும் செனானையும் மீறி நியூட்ரான் கணக்கு ஒன்றைத் தொட்டது. ஹான்ஃபோர்டின் புளுட்டோனியம் 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் வெடித்தது. அதற்கு மூன்று நாள் முன்னதாக ஹிரோஷிமாவில் விழுந்தது யுரேனியக் குண்டு. மின்சாரம் தந்த முதல் அணு உலைகளின் பொறியியல் பெரும்பாலும் இந்தக் குண்டுத் திட்டத்திலிருந்து வந்தது. இதை மறைத்துவிட்டு அணுமின்சாரத்தின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

மின்சாரம் வந்தது

அணு உலை மின்சாரத்துக்கு என்று செய்வது எளிமையானதுதான்: வெப்பத்தால் நீராவி, நீராவியால் டர்பைன். நிலக்கரி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் இருக்கும் இடத்தில் உலை. 1951 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு சோதனை உலை, தலா 200 வாட் கொண்ட நான்கு பல்புகளை எரியவிட்டது. 1954 ஜூன் 27 அன்று சோவியத் யூனியனின் ஓப்னின்ஸ்கில் 5 மெகாவாட் உலை மின்கட்டமைப்புக்கு மின்சாரம் அனுப்பியது. 1956 அக்டோபரில் பிரிட்டனின் கால்டர் ஹால் நிலையத்தை எலிசபெத் ராணி திறந்துவைத்தார். ஆனால் கால்டர் ஹால் வடிவமைக்கப்பட்டதே பிரிட்டனின் குண்டுகளுக்குப் புளுட்டோனியம் தயாரிக்கத்தான்; மின்சாரம் அதோடு கிடைத்த பலன். திறப்புவிழாவில் பொதுமக்களுக்குச் சொல்லப்பட்டதோ மின்சாரம்தான்.

பக்கத்திலேயே இருந்த வின்ட்ஸ்கேல் உலை ஒன்று அடுத்த ஆண்டே தீப்பிடித்தது. சுற்றுவட்டாரப் பண்ணைகளின் பால் வாரக்கணக்கில் கொட்டப்பட்டது. அந்த உலையின் புகைபோக்கிக்கு வடிகட்டி வைத்தே ஆக வேண்டும் என்று முன்பே பிடிவாதம் பிடித்தவர், லித்தியத்தை உடைத்த அதே காக்ராஃப்ட். வீண் செலவு என்று பலர் கேலி செய்தார்கள். தீப்பிடித்த நாளில் கதிரியக்கத் தூசியின் பெரும்பங்கைப் பிடித்து நிறுத்தியது அந்த வடிகட்டிதான்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் அடங்கும் சிறிய உலை வேண்டும் என்று கடற்படை அதிகாரி ரிக்கோவர் விரும்பினார். 300 டன் கிராஃபைட்டைக் கப்பலில் ஏற்ற முடியாது. யுரேனியம்-235-ன் பங்கைச் செயற்கையாகக் கூட்டிச் செறிவூட்டினால், தின்னும் குணமுள்ள சாதாரணத் தண்ணீரே தணிப்பானாகவும் குளிர்விப்பானாகவும் இருக்கலாம். நாட்டிலஸ் கப்பல் 1955-ல் இப்படித்தான் அணுசக்தியில் ஓடியது. அதே வகை உலை ஷிப்பிங்போர்ட்டில் 1957 டிசம்பரில் மின்சாரம் தந்தது. அழுத்தநீர் உலை என்ற இந்த வகைதான் இன்று உலகில் அதிகம். கூடங்குளத்தில் 2013 முதல் ஓடுவதும் இதே வகையின் ரஷ்ய வடிவம்.

கனநீர் வழிக்கும் ஒரு பயணம் உண்டு. 1940-ல் நார்வேயிலிருந்து ஏறத்தாழ 185 கிலோ கனநீரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மானியருக்கு முன்பே எடுத்து வந்துவிட்டார்கள். பிரான்ஸ் விழுந்தபோது ஹால்பனும் கோவார்ஸ்கியும் அதைக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அவர்களுடைய ஆய்வு கனடாவுக்கு நகர்ந்தது. கோவார்ஸ்கி தலைமையில் 1945 செப்டம்பரில் சாக் ரிவரில் கனநீர் உலை ஒன்று மாறுநிலையை எட்டியது. செறிவூட்டாத இயற்கை யுரேனியத்தையே பயன்படுத்தும் இந்த வழியைக் கனடாவிடமிருந்து ராஜஸ்தானில் இந்தியா கற்றது. 1974 அணுவெடிப்புச் சோதனைக்குப் பின் கனடா உதவியை நிறுத்திக்கொள்ள, கல்பாக்கத்தில் நம்மவர்களே கட்டிய கனநீர் உலை 1983-ல் ஓடத் தொடங்கியது.

ஐடஹோவில் நான்கு பல்புகளை எரித்த உலையிலோ தணிப்பானே கிடையாது. வேகமான நியூட்ரான்கள் புளுட்டோனியத்தைப் பிளக்கும்போது நியூட்ரான் கூடுதலாகவே வரும். ஒன்று தொடர்வினைக்குப் போக, மிச்சத்தை யுரேனியம்-238-க்குக் கொடுத்தால், எரித்ததைவிட அதிகப் புளுட்டோனியம் பிறக்கும். தண்ணீர் வைத்தால் நியூட்ரான் மெதுவாகிவிடும் என்பதால் குளிர்விக்க உருகிய சோடியம் போன்ற உலோகம்தான் ஏற்றது. இதுவே வேக ஈனுலை. கல்பாக்கத்தில் 1985 முதல் அத்தகைய சோதனை உலை ஒன்று இயங்குகிறது.

இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் நிறைய. தோரியம் தானாகத் தொடர்வினையை நடத்தாது. நியூட்ரானை விழுங்கி யுரேனியம்-233 ஆனால்தான் நன்றாகப் பிளக்கும். தோரியம் இருக்கும் மோனசைட் மணல் கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கரையில் கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எரிவாயு விளக்கு மேன்டிலுக்காக ஐரோப்பாவுக்கு அது கப்பலேறியது. முதலில் கனநீர் உலை, அதன் புளுட்டோனியத்தில் ஈனுலை, பிறகு தோரியம் என்று ஹோமி பாபா 1950-களில் போட்ட மூன்று கட்டத் திட்டத்தில் மூன்றாவது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. கல்பாக்கத்தில் 1996-ல் மாறுநிலையை எட்டிய கமினி என்ற சிறிய உலைக்கு எரிபொருள் யுரேனியம்-233. அதன் திறன் 30 கிலோவாட். மின்சாரத்துக்கு அது இல்லை. அது தரும் நியூட்ரான்களைக் கொண்டு எரிபொருள் தண்டுகளையும் மற்ற பாகங்களையும் பிரிக்காமலே உட்புறத்தைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள்.